இத்தாவில் கேட்ட சம்மதம்

என் வீட்டுக்காரர் தாவூதை யாராவது தப்பாகப் பேசினால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. திட்டுவதென்றால் நான் திட்டுவேன். கூடவே குடும்பம் நடத்தியவளுக்கு அந்த உரிமை உண்டு. ஊரார் யார்? அந்த விசாரணையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லித் திரிகிறார்கள். தாவூது தங்கச்சி வீட்டைத் தின்றுவிட்டான் என்கிறான் ஒருவன். சஃபியாவுக்குப் பேராசை என்கிறாள் இன்னொருத்தி. நாக்கு அழுகிப்போகும்! அன்றைக்கு மேரியில், அதாவது நகராட்சிக் கட்டடத்தில், திரைக்குப் பின்னால் என் நாத்தனார் சஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இந்தக் கைருன்னிஸா. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

காரைக்காலில் எங்கள் தெருக்களில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். தாவூதும் அப்படி என் வீட்டுக்கு வந்தவர்தான். அடுத்த தெருவில் இருந்த அவருடைய உம்மா வீடு சஃபியாவுக்கு வந்தது. சஃபியாவுக்குப் பிறகு அவளுடைய ஒரே மகள் நபீசாவுக்கு. பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் கழுத்து நிறைய நகை போட்டாலும் சம்பந்தம் பேச ஒருவரும் படியேறமாட்டார்கள். நபீசாவுக்கு அதே தெரு அமீர் நிஷாவின் மகன் ஹமீதைச் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தோம். ஹமீது தெருவில் போனால் இவள் ஜன்னலோரம் எதையோ தேடுவாள். "என்னடி தேடுறே, ஊசியா?" என்று கேட்பேன். "போங்க மாமி!" என்று உள்ளே ஓடிவிடுவாள்.

சஃபியாவின் புருஷன் நூகு சைகோனில் ஒரு ஜவுளிக் கடையில் கூட்டு வைத்திருந்தார். கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், காய்ச்சல் கண்டு அங்கேயே மௌத்தாகிவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. சேதி வந்த அன்று சஃபியா விடிய விடிய அழுதாள். அவள் இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் உள்ளறையில் இருப்பாள். அந்த நாட்களில் அந்நிய ஆண் காதில் அவள் குரல்கூட விழக் கூடாது என்பது எங்கள் தெருவின் கட்டு. அவள் அப்படி உள்ளே இருக்கும்போதுதான் நூகுவின் பங்குப் பணத்தைக் கூட்டாளிகள் அனுப்பி வைத்தார்கள்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் வருகிறார். அவருக்குத் துவானில் வேலை. பிரெஞ்சுக்காரன் வைத்திருந்த சுங்க ஆபீசை அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சு தெரிந்தவர் என்று பேர். சைகோனிலிருந்து வரும் கடிதாசி, பென்ஷன் காகிதம் எல்லாவற்றையும் தெருவே அவரிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்லிக் கேட்கும். "முசே தாவூது" என்று, பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுவார்கள். அந்த முசேயைக் காதில் வாங்கிவிட்டால் மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். பிடிக்கவும் செய்யும், பொய் சொல்வானேன்.

புதுச்சேரியிலிருந்து ஒரு பங்குத் தரகுக் கம்பெனி வந்து கடைத்தெருவில் ஆபீஸ் போட்டது. அதில் குமாஸ்தா சிலுவைராஜ், மாதா கோயில் பக்கத்து ஆள், அதிர்ந்து பேசமாட்டார். முஸ்லிம் தெருக்களுக்குள் போய் விற்க ஒரு ஏஜெண்டு வேண்டும் என்று கம்பெனி தேடியபோது, நம்முடைய முசே அகப்பட்டார்.

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சைகோன் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்குல்ல, அதுல பங்கு. நூறு ரூபா பங்குக்கு இருபது ரூபா கட்டினாப் போதும். மிச்சம் எண்பதையும் கம்பெனியே போட்டு வாங்கித் தரும். விலை ஏறினா முழு லாபமும் நமக்கு."

"எண்பதைச் சும்மா போடுறானா? வட்டி இல்லியா?"

"வட்டி இல்ல கைரு, அதுக்குக் கட்டணம்னு பேரு. இது பங்கு. மரம் பால் குடுக்குது, நமக்கு லாபம் வருது. ஹலாலான காசு. தங்கச்சி பணத்தை இதுல போட்டுட்டா நபீசா நிக்காஹை ஜாம்ஜாம்னு முடிச்சிரலாம்."

"விலை எறங்கினா?"

"ரப்பர் எப்படி எறங்கும்? கொரியாவுல சண்டை நடக்குதுல்ல, வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் ரப்பர்தானே!"

என் கேள்விக்குப் பதில் கம்பெனி கொடுத்த பத்திரத்தில் பொடி எழுத்துப் பிரெஞ்சில் இருந்தது. விலை இறங்கினால் இறங்கிய அளவுக்கு வாங்கினவர் மேலும் கட்டவேண்டும். கட்டாவிட்டால் ஈடாகக் கொடுத்தது கம்பெனிக்கு. ஈடு என்ன தெரியுமா? சஃபியாவின் வீடு.

வாங்குகிறவரின் சம்மதத்தைக் குமாஸ்தா காதால் கேட்கவேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதி. அதற்காகச் சிலுவைராஜைக் கூட்டிக்கொண்டு இவர் சஃபியா வீட்டுக்குப் போனார். நான் உள்ளறையில் அவள் பக்கத்தில் இருந்தேன். வாசலில் கனத்த திரை. அந்தப் பக்கத்திலிருந்து இவர் குரல் வந்தது.

"சஃபியா, நூகு மச்சான் பணத்தையும் வீட்டையும் வச்சுப் பங்கு வாங்கப்போறோம். சம்மதமா?"

அவள் துப்பட்டியை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இவர் மறுபடியும் கேட்டார். பிறகு இன்னொரு தடவை.

"அம்மா ஒண்ணும் சொல்லலீங்களே பாய்" என்றார் சிலுவைராஜ்.

"சம்மதம்தான், எழுதிக்கங்க. எங்கள்ல பொம்பளைங்க பேசாம இருந்தா சரின்னு அர்த்தம். நிக்காஹ்லயே அப்படித்தான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அட மனுஷா! பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது கன்னிப் பெண்ணுக்கு. ஒரு தடவை புருஷனோடு வாழ்ந்தவள் வாயைத் திறந்து சொல்லவேண்டும். மதரஸாவில் ஓதின சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அந்நிய ஆள் இருக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, இவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நிக்காஹ் வேற, வியாபாரம் வேற" என்றார்.

"அப்ப எதுக்கு அங்க நிக்காஹை இழுத்தீங்க?"

பத்திரமோ அன்று மாலையே புதுச்சேரிக்குப் போய்விட்டது. மறுநாள் சஃபியாவைக் கேட்டேன். "நானா என்னமோ கேட்டாங்க மச்சி. ஒண்ணும் காதுல ஏறல. அவுங்க செஞ்சா நல்லதாத்தான் இருக்கும்" என்றாள். நானா என்று கூப்பிடும் அண்ணன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதலில் கொஞ்சம் லாபம் வரத்தான் செய்தது. இவர் அல்வா வாங்கி இரண்டு வீட்டுக்கும் கொடுத்தார். அப்புறம் ரப்பர் விலை இறங்கத் தொடங்கியது. கம்பெனி வித்தியாசம் கட்டச் சொன்னது. சஃபியாவின் காசுமாலை போனது. அடுத்து என் வளையல்கள் போயின. எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஆனாலும் கழற்றிக் கொடுத்தேன். விலை பின்னும் இறங்கியது. கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனபோது, வீடு தன்னுடையது என்று கம்பெனி எழுதியது. அன்றைக்குத்தான் இவர் அந்தப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கடியில் முழுவதும் படித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்கு இதுல பாதி புரியல கைரு. அன்னைக்கும் புரியல" என்றார். அதற்குமேல் நான் என்னத்தைத் திட்டுவது!

ஐம்பத்து நாலு நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. கம்பெனி அவசர அவசரமாக வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரப் பார்த்தது. அமீர் நிஷா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். "வீடு நின்னா ரமலான் கழிச்சு நிக்காஹ் வச்சுக்கலாம். இல்லேன்னா மன்னிச்சுக்க சஃபியா. என் புள்ள எந்த வீட்டுக்குப் போய் இருப்பான்?" அவளைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்கும் ஒரு பெண் இருந்தாள், அவள் வீடு அந்தப் பெண்ணுக்கு; வழக்கம் அவளுக்கும் அதேதான்.

அந்தச் சமயத்தில் புது சர்க்கார், தரகுக் கம்பெனிகள்மேல் புகார் இருந்தால் சொல்லலாம் என்று தண்டோரா போட்டது. சஃபியா பேரில் மனு கொடுக்க வைத்தது நான்தான். நபீசா கையால் எழுத வைத்தேன். இப்போதும் சொல்கிறேன், அது சரியான காரியம்.

விசாரணைக்கு வந்த ஆபீசர் நல்ல மனிதர். முதல் நாள் சஃபியா வீட்டுக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் இருந்த எங்களுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். "இந்த மாதிரிச் சிக்கலான சரக்கை விக்கிறவனுக்கே அது என்னன்னு கம்பெனி புரியவைக்கலைன்னா, கம்பெனி மேலதான் தப்பு. பத்திரம் செல்லாது, வீடு உங்களுக்கு. ஆனா ஏஜெண்டுக்குப் புரிஞ்சிருந்து, உங்ககிட்ட சொல்லாம மறைச்சிருந்தா அது மோசடி. அப்பவும் வீடு உங்களுக்கு, ஆனா அவர் ஜெயிலுக்குப் போவார். எல்லாத்தையும் சொல்லி நீங்களும் சம்மதிச்சிருந்தீங்கன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வீடு போயிடும்."

எனக்கு உயிரே திரும்பி வந்தது. எவ்வளவு சுலபம்! இவர் ஒரு சொல் சொன்னால் போதும். புரியவில்லை என்ற ஒரு சொல். வீடு நிற்கும், நபீசாவுக்கு ஹமீது கிடைப்பான், இவருக்கும் ஒன்றும் வராது.

விசாரணை அன்று காலையில் இவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"ஏங்க, கேட்டதும் எனக்குப் புரியலன்னு சொல்லிருங்க. எங்கிட்ட சொன்னீங்கல்ல, அதையே அங்க சொல்லுங்க."

"ஊரே வந்து நிக்கும் கைரு."

"நின்னா நிக்கட்டும். நாளைக்கு மறந்துரும்."

"இருபது வருஷமா எல்லார் காகிதத்தையும் படிச்சுச் சொல்லியிருக்கேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாதுன்னா, அதையெல்லாம் என்னன்னு நெனப்பாங்க?"

"நபீசாவை நெனச்சுப் பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் என் தலையில் கை வைத்தார். "சரி, சொல்லிடறேன்" என்றார். நான் நம்பினேன். பச்சைப் பிள்ளையாக நம்பினேன்.

மேரியில் எள் போட இடமில்லை. துவான் ஆட்கள், கடைத்தெரு ஆட்கள், சைகோன் பென்ஷன்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்து அறையில் திரை போட்டுக் கொடுத்தார்கள். திரையில் ஒரு கிழிசல். அதன் வழியாக இவர் முதுகு எனக்குத் தெரிந்தது. நபீசா வீட்டில் இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று சஃபியா சொல்லிவிட்டாள்.

கம்பெனி வக்கீல் புதுச்சேரிக்காரர். எழுந்ததுமே, "முசே தாவூது பிரெஞ்சில் தேர்ந்தவர் என்று ஊரே சொல்கிறது" என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பாவி, எங்கே தட்டினால் எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆபீசர் இவரைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா? பயப்படாம சொல்லுங்க."

இவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். முன் வரிசையில் இவரிடம் கடிதாசி படிக்க வருகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"புரிஞ்சுது" என்றார் என் வீட்டுக்காரர். "விலை எறங்கினா கட்டணும்னு தங்கச்சிக்கும் எடுத்துச் சொன்னேன். அவளும் சம்மதிச்சா."

யா அல்லாஹ்! நான் எழுந்துவிட்டேன். சஃபியா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அடுத்து சிலுவைராஜ். கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர். ஆனாலும் பொய் சொல்லவில்லை. "அந்த அம்மா வாயைத் திறக்கலீங்க. வெலை எறங்குறதைப் பத்தி அன்னைக்கு யாரும் பேசவும் இல்லீங்க. சம்மதம்னு பாய் சொன்னாரு, நான் எழுதினேன்" என்றார். கூட்டம் சலசலத்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் புரிந்தது என்று சொல்லியாயிற்று. தங்கச்சிக்குச் சொல்லவில்லை என்று சிலுவைராஜும் சொல்லியாயிற்று. இரண்டையும் சேர்த்தால் மோசடி. வீடு தப்பினால் இவர் சிறைக்குப் போவார்.

ஆபீசர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சஃபியா அம்மா, நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணப்போறேன். உங்க அண்ணன் எடுத்துச் சொன்னாரா? நீங்க சம்மதிச்சீங்களா?"

சஃபியா என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். ஒரு பக்கம் அவள் மகள், ஒரு பக்கம் என் புருஷன். உண்மையைச் சொல்லு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யைச் சொல்லு என்றும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொன்னாங்க" என்றாள் சஃபியா. அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "எல்லாம் சொன்னாங்க. நான் அழுதுக்கிட்டே சம்மதம்னு சொன்னேன். அழுகையில குமாஸ்தாவுக்குக் கேட்டிருக்காது. எங்க நானா பொய் சொல்லமாட்டாங்க."

அவள் சொன்னது பொய்யென்று ஆபீசருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் எழுதினார். மனு தள்ளுபடி ஆனது.

வெளியே வந்ததும் இவர் தங்கச்சி முன்னால் வந்து நின்றார். தேம்பி அழுதார். சஃபியா அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "வாங்க நானா, வெயிலா இருக்கு" என்று கூட்டிக்கொண்டு நடந்தாள். எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

வீடு ஏலத்தில் போயிற்று. தாயும் மகளும் என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார்கள். ஹமீதுக்கு நாகூரில் பெண் எடுத்தார்கள். அவன் பெட்டியோடு அந்த ஊருக்குப் போன அன்று நபீசா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இவர் கடிதாசி படிப்பதை விட்டுவிட்டார். யாராவது காகிதத்தோடு வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

நபீசாவுக்குப் பிறகு வரன் வரவில்லை. வீடு இல்லாத பெண்ணுக்கு எங்கிருந்து வரும்? கடைசியில் போலகத்திலிருந்து ஒரு நெல் வியாபாரி கேட்டு வந்தார். முதல் மனைவி நோயில் படுத்திருந்தாள். பெண் வீடெல்லாம் வேண்டாம், தம் வீட்டுக்கே அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். வயது நாற்பதைத் தாண்டியவர்; கெட்டவர் இல்லை. அதைச் சொல்லித்தான் எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

எங்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் வீட்டைவிட்டுப் பெட்டியோடு கிளம்பியதில்லை. வாசலில் குதிரை வண்டி நின்றது. பெட்டியை இவர்தான் தூக்கி வைத்தார். நபீசா ஏறி உட்கார்ந்தாள். சஃபியா வண்டியின் பின்னால் வந்து அவள் முட்டாக்கைச் சரிசெய்தாள். எப்படிப் பேசவேண்டும், நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நபீசா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உம்மா, அன்னைக்கு மேரியில மாமாவைக் காப்பாத்தினீங்க. நான் கோவிச்சுக்கல. மாமா ஜெயிலுக்குப் போகக் கூடாதுதான். ஆனா அது என் வீடும்தான் உம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

சஃபியா பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.